சம்பந்திக்கு, உறையவைத்த இரண்டு புள்ளிகள் குறித்து

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் சுகமாகவே இருக்கிறது. சம்பந்தியம்மாளின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செயற்கைக் கருத்தரிப்பில் பேத்தி பிறந்ததுபோக, மருத்துவமனையில் மீதி உறையவைத்திருக்கும் இரண்டு கருக்களை என்ன செய்யலாம் என்று என் மகளும் உங்கள் மகனும் பேச்செடுத்தார்கள். உடனே நீங்கள், "அதுங்களும் மனுஷங்கதான், என் பேரப்பிள்ளைங்க!" என்று மேசையைத் தட்டியதில் தண்ணீர் முழுக்க என் மடியில். "கண்ணு இல்ல, மூக்கு இல்ல, வெறும் புள்ளி, அது எப்படிய்யா மனுஷன்? அப்படின்னா பேத்தியோட சேர்த்து வீட்டை மூணு பங்கா எழுதி வையும்" என்றேன். உங்களுக்கு விக்கல் வந்தது. விக்கலோடு, "நீரும் ஒரு காலத்துல புள்ளிதான்" என்றீர்கள். என் மனைவி, "அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பாரு" என்றாள். அதற்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஆயுசு முழுக்க பிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவன் நான், கரண்ட் போனால் உள்ளே இருப்பது என்ன கதியாகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றி வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினால் அங்கே லிஃப்ட் வேலை செய்யலை, படிக்குப் படி இறக்கி வைத்து ஏறுகிறேன், ஒரு செருப்பு எங்கேயோ போச்சு, காவலாளி குண்டு வைக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு விசில் ஊதுகிறான், மேலே நர்சம்மா மறித்துக்கொண்டு, "நீங்க யாரு?" என்கிறாள்.

"கரண்ட் இல்லம்மா, புள்ளைங்க உள்ள இருக்கு!"

"அதுங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"தாத்தா" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"தாத்தா, அது திரவ நைட்ரஜன்ல இருக்கு. அதுக்குக் கரண்டே வேணாம். உட்காருங்க, தண்ணி குடிங்க."

உங்கள் மகன் சொன்னால் மசாலா சேர்ந்து வரும், அதனால் நானே எழுதிவிட்டேன். மூச்சிரைக்கிறபோது மனுஷன் ஆயிரம் உளறுவான், அதையெல்லாம் சாட்சியாக எடுக்கக்கூடாது. கரு மனுஷன் இல்லை. இதில் நான் ஒரு நூல்கூட இறங்கி வர மாட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு என்ன என்று யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவன்

பி.கு.: இப்போதுதான் மகள் வந்தாள். கருக்கள் வேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிடலாமா என யோசிக்கிறாளாம். முடிவு அவளுடையதுதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னது சரிதானேப்பா? வெறும் புள்ளிதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லாமல் உள்ளே வந்து இதை எழுதி, தபாலில் போடாமல் இன்றே ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்ததும் கிளம்பி வாருங்கள். அன்றைக்குக் கத்தியதில் பாதி கத்தினால் போதும், நான் தோற்றுவிடுகிறேன்.