நான் நீலம் அடித்த ஆறு

சோம்பேறித்தனத்துக்கு உடனே தண்டனை கிடைத்துவிட்டால் மனிதன் திருந்திவிடுவான். எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது, அதுவும் இடுப்பளவு சேற்றில்.

ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு வருவதற்குச் சற்று முன்பு, நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கும் வேலையில் இருந்தேன். இன்று கிளமெண்டி இருக்கும் பக்கமாக இறங்கிக் குடாவில் விழும் ஒரு சிற்றாறு என் மேசைக்கு வந்தது. தண்ணீருக்கு நீலம் அடிக்க வேண்டும். முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டுக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஆயிரத்துக்குக் குறையாது. எட்டுப் புள்ளி வைத்தேன், கை வலித்தது. மிச்சத்துக்கும் நீலத்தையே இழுத்துவிட்டேன். (மேலதிகாரி சுத்தமான வேலை என்று பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.)

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், அரிசி போனது. சிராங்கூன் ரோட்டில் எங்கள் வீட்டிலும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அந்த நேரத்தில் தங்கை செல்லத்துக்கு அவசரமாகக் கல்யாணம் நிச்சயமானது. அவள் நகை கேட்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஒரு நாளாச்சும் எல்லாருக்கும் சோறு போடணும்" என்றாள்.

மளிகைக்கடை காதர் பாய் எதிர்த்தீவில் ஒரு மூட்டை கள்ள அரிசி பிடித்துக் கொடுத்தார். சாலையெல்லாம் சோதனை, அகப்பட்டால் தலை போகும். அதனால் அவருடைய சம்பான் படகிலேயே இருவரும் போய் மூட்டையை ஏற்றிக்கொண்டு, நான் நீலம் அடித்த அதே ஆற்று வழியாகத் திரும்பினோம்.

முகத்துவாரத்தில் பாய் துடுப்பை நிறுத்தினார். "தண்ணி வத்துது தம்பி. நடுவால போவோம்லா."

"நடுவால போனா சுத்து பாய். இடது பக்கம் விடுங்க, நல்ல ஆழம். இந்த ஆத்துக்கு நீலம் அடிச்சதே நான்தான்!"

விட்டார். பத்துத் துடுப்பு போட்டதும் சம்பான் உட்கார்ந்துவிட்டது. என் ஒன்பதாவது புள்ளி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஞாபகம் வந்து உண்மையைச் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார், பிறகு துடுப்பைப் பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காவல் படகு ஒன்று வந்தது. மூட்டையைச் சேற்றில் தள்ளி, அதன்மேல் ஏறி நின்று, இருவரும் நண்டு பிடிப்பதுபோல் நடித்தோம். எங்களிடம் வர அவர்களுக்கும் தண்ணீர் போதவில்லை. சிப்பாய்கள் கைகொட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். இறங்கிப் பார்த்தால், எங்கள் கனத்தில் மூட்டை கிழிந்து அரிசி முழுவதும் சேற்றோடு சேறாகியிருந்தது.

கல்யாணத்தில் கிழங்குதான் போட்டோம். செல்லம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே பரிமாறினாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

போன மாதம் அவள் பேரன் கல்யாணத்தில் எல்லோருக்கும் பிரியாணி. என் இலையில் மட்டும் முதலில் ஒரு துண்டு அவித்த கிழங்கு விழுந்தது. பாய் நடந்ததை அவளிடம் சொன்னதிலிருந்து வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் செய்வதுபோல, அதன்மேல் மிளகாய்ச் சம்பலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்திருந்தாள்.

"ஒம்பதாவதும் இருக்குண்ணே, எண்ணிக்க" என்றாள்.

எண்ணினேன், இருந்தது.