கரடிக்காரருக்கு ஒரு கௌரவப் பெயர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் நெருப்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு குழு அமைத்து, அந்தக் குழுவுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்த நாளில்தான் நாகரிகம் உண்மையில் பிறந்தது. அந்த உன்னத மரபில் உதித்ததுதான் விலங்குக் காட்சிசாலையின் ‘பதவிப்பெயர் மேன்மைப்படுத்தும் உயர்நிலைக் குழு.’

மேன்மை அடையப் போகிறவர் கரடிக்காரர். இருபத்திரண்டு வருடமாகக் கரடிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, இரண்டு தடவை கடியும் வாங்கியவர். அலுவலகப் பதிவேட்டில் அவர் பதவி ‘விலங்குப் பணியாள்.’ அதிலிருந்த ‘ஆள்’ இயக்குநரின் மென்மையான மனத்தை உறுத்தியது. உறுத்தல் தாங்காமல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்: ‘விலங்குப் பணியாள் என்ற இழிவான பெயர் இந்த நிமிடமே ஒழிக்கப்படுகிறது. தகுந்த பெயரைக் குழு முடிவு செய்யும்.’

கரடிக்காரருக்கு அன்றைக்கு இருந்த கவலை வேறு. ஒரு கரடிக்குட்டியைத் தாய் ஒதுக்கிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புட்டிப்பால். அதுவும் இவர் கையால் கொடுத்தால்தான் குடிக்கும். வேறு யார் நீட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனவர், பன்னிரண்டு மணிக்குப் புட்டியோடு வந்து சாவி அறையில் கையை நீட்டினார்.

எழுத்தர் கணினியைப் பார்த்தார். பிறகு கரடிக்காரரைப் பார்த்தார். இரண்டில் கணினியைத்தான் நம்பினார்.

“சாவி தர முடியாதுண்ணே.”

“ஏம்ப்பா, தொலைச்சிட்டியா?”

“சாவி இருக்கு. நீங்கதான் இல்லை.”

“உன் மூக்குக்கு நேரா நிக்கிறேனே!”

“நிக்கிறீங்க. என்னவா நிக்கிறீங்க? விலங்குப் பணியாளுக்குத்தான் சாவி. அந்தப் பதவி காலையிலயே போச்சு. புதுசு இன்னும் வரலை. பதவிக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது.”

“சரி, நம்ம மிருக டாக்டரம்மாவையாவது உள்ளே விடு.”

“டாக்டர் போனாலும் பணியாள் கூடவே போகணும்ணே. விதி.”

“அப்போ குட்டி?”

“குட்டிக்கு ஒரு சிக்கலும் இல்லை. அதோட விவரமெல்லாம் பக்காவா இருக்கு.”

உள்ளே குட்டி முனக ஆரம்பித்திருந்தது. கரடிக்காரர் புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் வியர்த்திருந்தது. அறிவுக்காக உழைக்கிறவர்களின் நிலை எப்போதும் இதுதான்.

“வாங்க, வாங்க!” என்றார் இயக்குநர். “உங்க கௌரவத்துக்காகத்தான் காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கோம்.”

கௌரவத்துக்குரியவருக்கு உட்கார நாற்காலி இல்லை.

“மேய்ப்பர்! இதைவிட அழகான சொல் உண்டா?” என்று மேசையைத் தட்டினார் மொழி அறிஞர்.

“கரடி மேயுமா ஐயா?” என்றார் சட்ட ஆலோசகர். “நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

“அப்படியென்றால் பாகர்.”

“யானை வெச்சிருக்கவங்க சண்டைக்கு வருவாங்க.”

“வளர்ப்பர்?”

“வளர்த்தவர்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு இவர் கரடியை வீட்டுக்குக் கேப்பார்.”

“காப்பாளர் என்றே வைத்துத் தொலையுங்கள்!”

“யாரை யார்கிட்டேயிருந்து காப்பாத்துறார்? அதைத் தெளிவாச் சொல்லணும்.”

“சார்,” என்றார் கரடிக்காரர், “எந்தப் பேரா இருந்தாலும் எனக்குச் சம்மதம். குட்டிக்குப் பசி.”

“பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!” என்று இயக்குநர் உருகினார். “இந்த மாதிரி மனுஷருக்கு அவசரப்பட்டு ஒரு பேரை வெச்சிடலாமா?”

அதற்குள் அறிஞரும் ஆலோசகரும் எழுந்து நின்று, முகத்துக்கு முகம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கரடிக்காரருக்குப் பழகிய காட்சிதான். இரண்டு ஆண் கரடிகள் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நிற்கக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. தீனியைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் வைக்க வேண்டும். பிஸ்கட் தட்டை எடுத்தார். பாதியை மேசையின் இந்தக் கோடியிலும் பாதியை அந்தக் கோடியிலும் வைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து மெல்லத் தொடங்கினார்கள். உறுமல் நின்றது.

அந்த அமைதியைப் பயன்படுத்தி இயக்குநர் ஒரு ‘இடைக்கால ஆணை’ எழுதிக் கையெழுத்திட்டார். புதுப் பெயர் வரும்வரை கரடிக்காரர் ‘பார்வையாளர்’ எனக் கருதப்படுவார்.

எழுத்தர் ஆணையைப் படித்துவிட்டு மகிழ்ந்தார். “நல்லதாப் போச்சுண்ணே. பார்வையாளர்னா கம்பிக்கு வெளியே நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். ஆனா தீனி மட்டும் போடக் கூடாது.”

மணி ஒன்று. முனகல் அழுகையாகியிருந்தது. கரடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இருடா கண்ணு, இதோ வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஓர் அடிகூட வர முடியவில்லை.

அழுகை கேட்டு டாக்டரம்மா வந்தார். விவரத்தைக் கேட்டார். எழுத்தரிடம் திரும்பினார்.

“மனுஷங்க உள்ளே போகத்தானே பதவி வேணும்?”

“ஆமா மேடம்.”

“விலங்கு உள்ளே போக?”

“அதுக்கு உங்க கையெழுத்து போதும் மேடம். சேர்க்கைப் படிவம் குடுத்தா நானே கதவைத் திறந்துவிடுவேன்.”

டாக்டரம்மா படிவத்தை வாங்கி அங்கேயே நின்று நிரப்பினார். ஆண். வயது நாற்பத்தேழு. எடை அறுபத்திரண்டு கிலோ. குணம்: சாது. உடன் வருவது: பால்புட்டி ஒன்று.

“இனம்னு ஒரு கட்டம் இருக்கே மேடம்?”

‘அழிந்து வரும் இனம்’ என்று எழுதினார் டாக்டரம்மா.

எழுத்தரின் முகம் மலர்ந்தது. “அப்போ முன்னுரிமையே உண்டு!” கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கதவு திறந்தது. குட்டி ஓடி வந்து கரடிக்காரரின் மடியில் ஏறி, புட்டியை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, சட்டைப் பொத்தானையும் சப்பிப் பார்த்தது.

உள்ளே போவது சுலபமாகிவிட்டது. வெளியே வரத்தான் வழியில்லை. விலங்கை வெளியேற்ற இயக்குநர் கையெழுத்து வேண்டும், இயக்குநரோ கூட்டத்தில். கூட்டத்தின் நடுவே கோப்பு நீட்டுவது ஒழுங்கீனம். எனவே திங்கள் போய்ச் செவ்வாய், செவ்வாய் போய்ப் புதன். குட்டி தளதளவென்று தேறியது. குழுவும் தேறியது; இரண்டு துணைக்குழுக்களை ஈன்றது.

வியாழக்கிழமை கரடிக்காரரின் மனைவி வந்தாள். மூன்று நாள் கோபம் மொத்தமும் முகத்தில் இருந்தது.

“வீடுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் இருக்கா இல்லையா?” என்று ஆரம்பித்தவள், மடியில் தூங்கிய குட்டியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “சாப்பிட்டீங்களா?”

“வேளாவேளைக்கு வருது. நீ?”

அவள் பதில் சொல்வதற்குள் குழு முழுவதும் படை திரண்டு வந்தது. இயக்குநர் கையில் பொன்னிற ஓரம் போட்ட தாள்.

“முடிவாயிடுச்சு! இன்று முதல் நீங்கள் ‘உயிரின நல்லுறவு முதன்மையர்’! வெளியே வாங்க, உங்க மேன்மைக்கு ஒரு விழாவே எடுக்கப் போறோம்.”

அறிஞரும் ஆலோசகரும்கூடச் சேர்ந்து கை தட்டினார்கள். கரடிக்காரர் குட்டியை மெதுவாக இறக்கிவிட்டு எழுந்தார்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் மனைவி. புதிதாகச் சேர்ந்த விலங்குக்கென்று கூண்டின் பக்கத்தில் எழுத்தர் விதிப்படி மாட்டியிருந்த பலகையை அவள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். “‘தினம் மூன்று வேளை உணவு. வாரம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. பகலில் ஓய்வு கட்டாயம். துன்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’”

படித்து முடித்து இயக்குநரின் பக்கம் திரும்பினாள்.

“இருபத்திரண்டு வருஷம் இவர் உங்ககிட்ட மனுஷனா வேலை பார்த்தாரே சார், அப்போ இதுல ஒண்ணாவது குடுத்தீங்களா?”