கீலண்ணன் கொடுத்த பொட்டலம்

ரப்பர் விலை விழுந்த அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் ஓடிய மோட்டார் கார்களில் பாதி, ஒரே ஒரு மனிதரின் அனுமதி இல்லாமல் வாயைத் திறந்ததும் கிடையாது, மூடியதும் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையில் அவர் இருந்தார். ஊர் அவரைக் கீலண்ணன் என்றது. என்ஜினை மூடுகிற பானெட், பானெட்டைத் திறந்து மூடுகிற கீல், அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங், இந்த மூன்றையும் தவிர மோட்டார் காரில் வேறு சாமான் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போதைய பானெட் இப்போது போல முதலை வாயைப் பிளக்கிற பானெட் அல்ல. நடு முதுகில் நீளமாக ஒரு கீல் ஓடும். அதற்கு வலப்பக்கம் ஒரு றெக்கை, இடப்பக்கம் ஒரு றெக்கை. கீழே பக்கத்துக்கு இரண்டு கொக்கி, கொக்கிக்குள் ஸ்பிரிங். கீல் இறுகினாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஓடுகிற ஓட்டத்தில் றெக்கை விரித்துவிடும். அதற்குப் பிறகு வண்டி எங்கே போகும் என்பது டிரைவர் செய்த புண்ணியத்தைப் பொறுத்தது.

ஒருமுறை சாலாக் செலாத்தானிலிருந்து தௌக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி, புகை கக்குகிற காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீலண்ணன் பானெட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து மூடினார். “நல்லா மூடுதே தௌக்கே, அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். தௌக்கே சீனத்தில் சொன்னதை யாரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

வேலை செய்கிற முறையும் தனி. எந்த வண்டி வந்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு, கீலில் காதை வைத்து, இருபத்தொரு தரம் றெக்கையைத் தூக்கி இறக்குவார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது. பக்கத்திலேயே ரயில் பாதை. பதினெட்டாவது தரத்தில் ரயில் வந்து தொலைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இது பொறுக்காமல் ஒருநாள் ஸ்டேஷனுக்கே போய், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை ரயிலை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாராம்.

விருந்துக்கு அழைத்தாலும் ஆபத்துதான். ஒரு கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தவர், உள்ளே பீரோ கதவு கிரீச்சென்றதைக் கேட்டு எழுந்துவிட்டார். சாம்பார் ஊற்றிய சோறு ஆறிக்கொண்டிருக்க, கதவைக் கழற்றி முற்றத்தில் வைத்து வேலையை ஆரம்பித்தார். பெண் வீட்டுச் சேலைகளை மாப்பிள்ளை வீட்டார் எண்ணிப் பார்க்க அது வசதியாகப் போயிற்று. கதவு அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை, சம்பந்திகள்தான் போட்டார்கள்.

ஸ்பிரிங்கை அவரே கம்பியில் சுற்றுவார். சுற்றிய ஸ்பிரிங்கைக் கொட்டகை விட்டத்தில் மாட்டி, நுனியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். ஒரு நாள் முழுக்கத் தொங்கியும் போட்ட கோட்டைவிட்டு இறங்காத ஸ்பிரிங்தான் வண்டிக்கு ஏறும், மற்றதெல்லாம் சாக்கடைக்கு. வரிசையாகச் செங்கல் ஆடுவதைப் பார்த்த ஒரு பெண்மணி, ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டியது என்று நினைத்து, ஒரு கல்லுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரமும் ஏற்றிவிட்டார். கூரையோ அத்தாப்பு. கீலண்ணன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இத்தனையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது அவருடைய பொட்டலம். எந்தக் கீலைப் பிரித்தாலும் உள்ளே இருந்து கொட்டியதை ஒரு காகிதத்தில் மடித்து, கார்ச் சொந்தக்காரர் கையில் கொடுத்து, என்ன காரணத்தால் கெட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். மண் என்றால் மண், சுருட்டுச் சாம்பல் என்றால் சாம்பல். ஒரு வக்கீலின் பானெட் கீலிலிருந்து காய்ந்த மல்லிகைப் பூ வந்தது. வக்கீல் தனிக்கட்டை. “பூவைப் பின்னால வச்சுக்கச் சொல்லுங்க, முன்னால வச்சா கீலுக்கு ஆகாது” என்று கீலண்ணன் எடுத்துச் சொன்னார். அந்த வக்கீல் அதற்குப் பிறகு ரிக்‌ஷாவில்தான் போனார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கும் பேரேடும் எழுதுகிறவனாக, இருந்தேன். எங்கள் துரையின் டிரைவர் காத்தமுத்து எனக்கு உயிர்ச் சிநேகிதன். துரையிடம் இருந்தது பழைய கார். விற்கச் சொன்னவர்களிடம் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார், அவ்வளவு ஆசை அதன்மேல். எட்டு வருஷமாக அதை ஓட்டியவன் காத்தமுத்து.

ஒருநாள் பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் போகும்போது இடப்பக்க றெக்கை படாரென்று விரிந்து மறுபக்கத்தில் போய் அறைந்தது. பதறிப்போன காத்தமுத்து ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி சாலையோரக் கால்வாயில் மூக்கை வைத்து நின்றது. பின்னால் இருந்த துரையும் துரைசாணியும் முன் சீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடி ஒன்றும் பலமில்லை. அடுத்த வாரம் நான் சைக்கிள் டியூபை வெட்டிப் பானெட்டைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். என் அறிவின் எல்லை அதுதான். கிள்ளான் பாலத்தில் ஏறும்போது டியூப் அறுந்து துரையின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று.

துரை காத்தமுத்துவைக் கூப்பிட்டார். இன்னொரு தரம் பானெட் திறந்தாலோ, இது அவன் கவனக்குறைவால் வந்தது என்று தெரிந்தாலோ, அவன் பெயர் லிஸ்டில் ஏறும் என்று சொல்லிவிட்டார்.

லிஸ்ட் என்றால் என்னவென்று அப்போது இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை குறைந்துபோய், ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். மூன்று வயதில் இங்கே வந்தவன் காத்தமுத்து. அங்கே அவனுக்கு ஒரு வீட்டு வாசல்கூடத் தெரியாது. மனைவி பாக்கியத்துக்கு ஏழாவது மாசம். லிஸ்ட் எழுதுகிற வேலையோ என்னுடையது. அதில் இவன் பெயரை என் கையாலேயே எழுத வேண்டி வருமோ என்று தூக்கம் போயிற்று.

வண்டியைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோனோம். கீலண்ணன் இருபத்தொரு தரம் கேட்டார். நடுவில் இரண்டு ரயில். பிறகு கீலின் நீளக் கம்பியைத் தட்டித் தட்டி உருவினார். உள்ளேயிருந்து மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது வெறும் துரு இல்ல தம்பி. சந்தனம்.”

காத்தமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. விஷயம் இதுதான். எட்டு வருஷமாக ஆயுத பூசைக்கு அவன் காரை இளநீரால் கழுவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பானெட்டின் நடு முதுகில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி வந்திருக்கிறான். அது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் விபூதி வேறு. கீலின் கணுவுக்குக் கணு அது இறங்கிக் கல்லாகிவிட்டது. றெக்கை முழுசாகப் படியவில்லை. படியாத றெக்கையைக் கொக்கி இழுத்து இழுத்து ஸ்பிரிங்கின் உயிர் போய்விட்டது.

“ஏன் தம்பி, வேற இடமே கெடைக்கலையா?”

“வண்டிக்கு நெத்தி அங்கதானேண்ணே இருக்கு” என்றான் காத்தமுத்து.

கீலண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கொட்டியதையும் எண்ணெயில் இறங்கியதையும் ஒன்றுவிடாமல் கூட்டி, காகிதத்தை எடுத்தார். அப்போதுதான் எங்களுக்குப் பொட்டலம் ஞாபகம் வந்தது. துரையிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று காத்தமுத்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். நானும் என் பங்குக்குக் கெஞ்சினேன்.

“கீல்ல இருந்தது கீலுக்குச் சொந்தக்காரங்ககிட்டப் போகணும், கிராணியாரே. இன்னிக்கு ஒருத்தருக்கு மறைச்சா, நாளைக்கு என் பேச்சை எவன் நம்புவான்?”

மூன்று நாள் வேலை. கீலைத் தேய்த்து, வளைவெடுத்து, புதுக் கம்பி கோத்தார். நாலு ஸ்பிரிங் செங்கல்லோடு தொங்கின. நான் சும்மா இருக்கவில்லை. குவார்ட்டர்ஸ் வேலியில் கொஞ்சம் துருவைச் சுரண்டி, மண் கலந்து, அதே மாதிரி காகிதத்தில் மடித்து, அவர் வெற்றிலை போடப் போன சமயத்தில் மாற்றி வைத்தேன். திரும்பி வந்தவர் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிரிக்கக்கூட இல்லை. “இது வேலியோடது” என்று சொல்லி என் சட்டைப்பைக்குள் கையை விட்டு அசலை எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷக் கிராணி உத்தியோகத்தில் நான் அவ்வளவு கூசிப்போனது கிடையாது.

மூன்றாம் நாள் மத்தியானம் துரையே ரயிலில் வந்து இறங்கிக் கொட்டகைக்கு நடந்து வந்துவிட்டார். தோட்டத்துத் துரைமாருக்கு வைக்கிற தமிழ்ப் பரீட்சை தேறியவர், நன்றாகவே பேசுவார். றெக்கையைத் தூக்கினார், விட்டார். சத்தமே இல்லாமல் அது படிந்தது. கொக்கி தானாகப் போய் உட்கார்ந்தது. நாலைந்து தரம் செய்து பார்த்தார், முகத்தில் சந்தோஷம். பிறகு கையை நீட்டினார்.

“எங்கே என் பொட்டலம்? கிளப்பில் எல்லாரும் சொன்னாங்க. எதனால் கெட்டது?”

கீலண்ணன் பொட்டலத்தை எடுத்தார். காத்தமுத்து மட்கார்டைப் பிடித்துக்கொண்டான். நான் பார்வையைச் செங்கல் வரிசைக்குத் திருப்பிக்கொண்டேன். பொட்டலம் பிரிந்தது. மஞ்சள் பழுப்புத் தூள், துரையின் கண்ணுக்கு முன்னால்.

“இது என்ன?”

கீலண்ணன் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அந்தத் தூளில் ஒற்றி, தன் நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டார். அவருடைய நெற்றியில் அதுவரை நான் வியர்வையைத் தவிர எதையும் கண்டதில்லை.

“பிரசாதம் துரை” என்றார். “எட்டு வருஷமா உங்க வண்டிக்கு நடந்த பூசையோட பிரசாதம். உங்களுக்கு ரோட்டுல ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு இந்தப் பையன் அள்ளி அள்ளி வச்சது, கீலுக்குள்ள இருந்திச்சு. இருந்ததைச் சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்.”

துரை தூளைப் பார்த்தார். கீலைப் பார்த்தார். காத்தமுத்துவைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கீலண்ணனுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பண்டாரத்திடம் குனிவாரே, அதே மாதிரி. கீலண்ணன் அவர் நெற்றியிலும் பூசிவிட்டார்.

“காத்தமுத்து,” என்றார் துரை, தொப்பியைப் போட்டுக்கொண்டே, “இனிமே பூசை டயருக்கு மட்டும்.”

வண்டி மூலை திரும்புகிறவரை கீலண்ணன் அசையாமல் நின்றாராம். திரும்பியதும் வாளித் தண்ணீருக்கு ஓடினாராம். தூளில் மண்ணெண்ணெய் ஈரம் காய்ந்திருக்கவில்லை. நெற்றி எரிந்து ஒரு வாரம் சிவந்து கிடந்தது. துரைக்கும்தான். கிளப்பில் கேட்டவர்களுக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று தெரியவில்லை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் எங்கள் தோட்டத்திலிருந்து பதினோரு குடும்பம் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் கப்பலேறியது. லிஸ்டை நான்தான் எழுதினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது. காத்தமுத்துவின் பெயர் அதில் இல்லை. இரண்டு மாசம் கழித்துப் பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தைதான் என் மருமகள். கிராணி மகனுக்கு டிரைவர் மகளா என்று இழுத்தவர்களையெல்லாம் நான் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்து வயிறு நிறையச் சாப்பாடு போட்டேன், வாய் மூடிக்கொண்டது. இதை எழுதும்போது அவள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, அவள் பிள்ளை என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டான்.

எனக்கு ஒரே ஒரு குறைதான். அந்த மனிதரின் சொந்தப் பெயர் என்ன என்று அப்போது ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் இந்தப் பேரனுக்கு வைத்திருப்பேன்.