ஓர் எருமையை மீட்கப் போன போர்

மேல்கரை ராச்சியத்தின் தன்மானம் நாற்பத்திரண்டு பணம். எட்டு மாதச் சினை எருமை ஒன்று அந்த வருஷம் சந்தையில் அந்த விலைக்குத்தான் போனது. தன்மானத்துக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்த ராச்சியத்தில் குடியிருந்ததில்லை.

எருமைக்குச் சொந்தக்காரி பாவாயி, மாட்டுத் தரகர் மகள், தயிர் விற்றுப் பிழைப்பவள். புருஷன் இல்லை, நிலம் இல்லை, இருந்ததெல்லாம் அந்த எருமைதான். அதற்கும் இப்போது பால் வற்றியிருந்தது. கன்று ஈன்றால்தான் மறுபடி பால். பால் இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். தினமும் காலையில் எருமை ஆற்றை நீந்திக் கீழ்கரை ராச்சியத்துக்குப் போகும். அங்கே மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும். ராச்சியங்களின் எல்லை அதற்குக் குளிக்கிற இடம், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து மேல்கரை ராஜாவுக்கு அவசரமாக ஒரு போர் தேவைப்பட்டது. அரண்மனைக் களஞ்சியத்தில் நெல்லைக் காணோம்; எங்கே போயிற்று என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். போருக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஈட்டி வந்தது, கொடி தைத்தாயிற்று, வெற்றி விழாவுக்குப் பந்தல்காரனுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. காரணம் ஒன்றுதான் பாக்கி. அதைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு மந்திரி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். காரண மந்திரி வாக்கீசர் என்று பெயர். அவர் ஒரு மத்தியானம் ஆற்றங்கரைக்கு வந்தார், அக்கரையில் எருமை மேய்வதைக் கண்டார். கண்டதும் அவர் கண்கள் பனித்தன என்று அரண்மனைக் குறிப்பேடு சொல்கிறது.

மறுநாளே தண்டோரா போட்டார்கள். "கீழ்கரையான் நம் எருமையைக் கடத்திவிட்டான்! கடத்தப்பட்டது எருமை அல்ல, நம் தன்மானம்!"

ஊர் கொதித்தது. எதிர்வீட்டு ஆராயியின் மகன் செங்கோடன்தான் படையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். "உன்ர எருமையப் புடிச்சுட்டு வராம ஊட்டுக்குத் திரும்ப மாட்டேன் பெரிம்மா" என்று பாவாயியிடம் சத்தியமே செய்தான்.

அன்று சாயங்காலம் எருமை வழக்கம்போல வீட்டுக்கு வந்தது.

பாவாயி விவரம் தெரிந்தவள்தான். ஆனால் அரசாங்கத்தோடு அதுவரை கொடுக்கல் வாங்கல் வைத்ததில்லை. எருமையைப் பிடித்துக்கொண்டு நேரே அரண்மனைக்கே போய்விட்டாள்.

"ஐயா, எருமை வந்துருச்சுங்க. போரை நிறுத்திப் போடுங்க."

வாக்கீசர் எருமையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அம்மணி, தங்கள் எருமை கடத்தப்பட்டுவிட்டது."

"இதா நிக்குதுங்களே!"

"நிற்பது எருமை என்று யார் சொன்னது?"

"நாந்தானுங்க சொல்றேன். மூணு வருசமாச் சாணி அள்ளுறேன்."

"அரசாங்கம் வேறு விதமாக அறிவித்திருக்கிறது. அறிவித்த பிறகு எருமை திரும்பி வருவது செல்லாது. ஆகவே இது எருமை வேடத்தில் வந்திருக்கும் எதிரியின் ஒற்றன்."

"ஒற்றனுக்கு வயித்துல கன்னு இருக்குதுங்களே?"

"பார்த்தீர்களா, இரண்டு ஒற்றர்கள்!"

எருமையைச் சிறையில் கட்டினார்கள். பாவாயிக்கு 'நாட்டின் அன்னை' என்ற பட்டமும், கழுத்தில் போட ஒரு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தார்கள்.

"இந்தப் பட்டத்துக்கு ஒறை ஊத்துனாத் தயிராவுமுங்களா?" என்று கேட்டாள். காவலர்கள் அவளை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

கீழ்கரை ராஜா பயந்துபோய் ஓலை அனுப்பினார்: எருமை எங்களிடம் இல்லை, சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். வாக்கீசர் அதைச் சபையில் உரக்கப் படித்தார். "வந்து பார் என்கிறான்! இதற்கு மேலும் நாம் போகாமல் இருந்தால் அது மரியாதையா?" சபை எழுந்து நின்று கைதட்டியது.

படை புறப்பட வண்டி வேண்டும், வண்டியை இழுக்க மாடு வேண்டும். எனவே எருமையை மீட்க வீட்டுக்கு ஓர் எருமை தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றை மீட்க நூற்றிருபது போயின. ஊரில் பால் நின்றது. உடனே, நாடு துக்கத்தில் இருக்கையில் பால் குடிப்பது ராஜத்துரோகம், குழந்தைகள் கஞ்சி குடிக்கட்டும் என்று இரண்டாவது உத்தரவு. கஞ்சிக்கு நெல் எங்கே என்று ஒருவன் வாயைத் திறந்தான். நெல்லைப் பற்றிப் பேசுவது எருமையை மறப்பதற்குச் சமம் என்று மூன்றாவது உத்தரவு போட வாக்கீசர் மையைத் தொடுவதற்குள், பக்கத்தில் நின்றவர்களே அவனை அடக்கிவிட்டார்கள். "எருமையே போயிருக்குது, உனக்குச் சோறு கேக்குதாக்கும்?"

போர் நாற்பது நாள் நடந்தது. கீழ்கரையில் தொழுவம் தொழுவமாகத் தேடினார்கள், எருமை அகப்படவில்லை. "இத்தனை தேடியும் கிடைக்காததே அவர்கள் அதைக் கொன்றுவிட்டதற்குச் சான்று" என்று வாக்கீசர் அறிவித்தார். வெற்றி முரசு கொட்டியது. எருமை தியாகி ஆயிற்று. அதற்குக் கல்லில் சிலை வைக்கவும், செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சிலை வரி வாங்கவும் ஏற்பாடு ஆயிற்று.

வரி கட்ட முடியாது என்று சொல்லத்தான் பாவாயி அரண்மனைக்குப் போனாள். கொல்லை முற்றத்தில் அவள் எருமை, கழுத்தில் மாலையோடு நின்றிருந்தது. சிற்பி அதன் கொம்பை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எருமை கனைத்தது. வயிறு இறங்கியிருந்தது, மடி கட்டியிருந்தது. இன்றோ நாளையோ ஈன்றுவிடும்.

"அது என்ர எருமை."

"தங்கள் எருமை வீரமரணம் அடைந்துவிட்டது" என்றார் வாக்கீசர். "இது சிலைக்கு மாதிரி."

"சரிங்க, அந்த மாதிரியை எனக்கு வித்துப் போடுங்க."

வாக்கீசருக்கும் மாதிரியை என்ன செய்வது என்றுதான் கவலை. சிலை முடியப் போகிறது. மாதிரியைக் கொன்றால் தியாகியைக் கொன்ற பாவம். விட்டால் தியாகி தெருவில் புல் தேடி அலைவார். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "தியாகிக்கு விலை பேசுவதா? அதுவும் காவலர்கள் காதுபட!" என்றார்.

பாவாயி தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளையும் மூடினாள். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் அது விலை. ஒரு விரலுக்குப் பத்துப் பணம். பேசுகிறவர் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அரசாங்கம் நடத்த இத்தனை தோதான முறை இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்றே என்று வாக்கீசர் வியந்தார்.

அவர் ஐந்து விரலையும் பிடித்தார்.

"எதிரி நாட்டு ஒற்றனுங்க இது. நம்பி ஊட்டுல கட்ட முடியுமுங்களா?"

நான்கு.

"இரண்டு ஒற்றர்கள், அதை மறக்க வேண்டாம்" என்றார் வாக்கீசர்.

"ரெண்டு பேருக்குத் தீவனம் நானல்லங்க போடோணும்? அப்புறம் தியாகி எப்ப ஈனுமோ. உங்க முத்தத்துலயே ஈனுனா, சிலையைத் தொறக்க வர்ற ராசா கன்னு ஆருதுன்னு கேப்பாருங்க."

துண்டுக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி ஒன்றில் வந்து நின்றன. நாற்பது நாள் போரை ஊருக்கு ஒரு சல்லி குறைக்காமல் விற்ற மனிதர், முதல் தடவையாக நஷ்டத்துக்கு விற்றார். பாவாயி பதக்கத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அதன் வெள்ளி பத்துப் பணத்துக்குக் கொஞ்சம் கூடவே பெறும். தன் எருமை எதிரி மண்ணில் செத்தது உண்மை என்று ஓலையில் கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் விடியலில் எருமை கிடேரிக் கன்று ஈன்றது. பாவாயி முதல் சீம்பாலைக் காய்ச்சி, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஆராயி வீட்டுக்குப் போனாள். ஆராயி வாங்கி வைத்துக்கொண்டாள். படை திரும்பிவிட்டது, செங்கோடன் இன்னும் வரவில்லை.

"செங்கோடனுக்கு இதுன்னா உசுரு."

"வருவான், ஆராயி."

"ஏனக்கா, சிலைக்குன்னு உன்ர எருமையக் கட்டி வெச்சிருந்தாங்கல்ல? அந்த மாதிரி என்ர பையனையும் எங்காச்சும் வெச்சிருப்பாங்களா? உனக்குத்தான் பேசத் தெரியுமே. எத்தன வெரலுன்னாலும் சரி, கேட்டுப் பாரேன்."



சாயங்காலம் சந்தைத் திடலில் அரசாங்கம் போர்க் கணக்கை எழுதி ஒட்டியது. ஆராயி பாவாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், படி அக்கா, படி என்றாள். பாவாயி படித்தாள்.

சென்ற எருமைகள் 120. திரும்பியவை 9. சென்ற ஆட்கள் 612. திரும்பியோர் 401. மீதி 211, வெற்றியில் வரவு. கணக்கு நேர்.