தொட்டி எங்கயோ அங்க நான்

இந்த வருஷ லீவுல மச்சான் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறதில்லன்னு லிஃப்ட் மெக்கானிக் முடிவு பண்ணிட்டாரு. முடிவு இரும்பு மாதிரி. அதைச் சம்சாரத்துகிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கு மட்டும் தைரியம் வரல. ஊரையே மேல ஏத்திவிடுற மனுஷன். வீட்டுக்குள்ள கால் வச்சா இறங்குமுகந்தான்.

மச்சான்னா சம்சாரத்தோட அண்ணன். கார் ஓட்டக் கத்துக்கொடுக்குற ஸ்கூல் வச்சிருக்காரு. எதிர்ல யாரு எது செஞ்சாலும் அவரு வலது கால் பிரேக்கைத் தேடும். பக்கத்துல ஒருத்தர் சாப்பிட உக்காந்தாக்கூட, "மெதுவா, மெதுவா... அவசரமே இல்ல மாப்பிள்ளை, நேராப் பாத்து"ம்பாரு. போன லீவுல அவரு கட்டுற புது வீட்டுக்குச் சிமெண்ட் மூட்டை சுமந்தது நம்மாளுதான். மூட்டையோட திரும்புறதுக்கு முன்னாடி கையை நீட்டி சிக்னல் காட்டச் சொன்னவரு மச்சான். இப்போ வீடு முடிஞ்சிடுச்சு. சுவர் மட்டும் வெறுஞ்சுவரா நிக்குது.

யோசனை வந்தது ஒரு ஆஸ்பத்திரியில. லிஃப்ட்டைச் சரி பண்ணிட்டுக் கீழ வந்தா, வாசல்கிட்ட ஒரு கடல்மீன் தொட்டி. அதைத் துடைச்சிட்டிருந்த ஆளு புலம்பினாரு. "இதை வச்சுக்கிட்டு ஒரு நாளு அசைய முடியல சார். கைக்குழந்தை தோத்துச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயே வருஷம் ஆகுது."

கேட்டவருக்குக் காதுல தேன் ஊத்தின மாதிரி இருந்துச்சு.

அந்த வாரமே தொட்டி வீட்டுக்கு வந்துடுச்சு. ஹால்ல ஜன்னலோரம் சம்சாரத்தோட தையல் மெஷின் இருந்த இடந்தான் தோதான இடம். மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய் பாத்ரூம் பக்கத்துச் சந்துல நிறுத்தினாரு. சம்சாரமே ஒரு பக்கம் பிடிச்சுக் கொடுத்தாங்க. அப்பவே அவரு பயந்திருக்கணும்.

மீன்கடைக்காரரு முதல் பாடம் எடுத்தாரு.

"சமையல் உப்புப் போடலாமா?"

"போடலாம் சார். மீன் நேரா கருவாடாயிடும். இதுக்குன்னு கடல் உப்பு இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"மீன் எப்போ விடலாம்?"

"ஒரு மாசம் ஆகட்டும்."

"மாசமா?" லீவுக்கு ரெண்டு வாரந்தான் இருந்துச்சு.

"கடல் பாறை தர்றேன். அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கும். மீன் போடுற அசுத்தத்தைத் திங்குறது அதுங்கதான். அதுங்க முதல்ல குடித்தனம் நடத்திப் பெருகணும். அப்புறந்தான் மீன். இப்பவே விட்டீங்கன்னா மறுநாளே மிதக்கும்."

ஆக, உப்புத் தண்ணியும் நாலு பாறையும் ஒரு பம்புமா தொட்டி உறுமிக்கிட்டு நின்னுச்சு. சம்சாரம் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாங்க.

"என்னங்க, இதுல மீன் எங்க?"

"மீன் பின்னாடி வரும்."

"அப்போ இப்ப இதுல என்ன இருக்கு?"

"உயிர் இருக்கு. கோடிக்கணக்குல இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது."

"உங்க சுறுசுறுப்பு மாதிரியா?"

அவரு பாறையை உத்துப் பாத்தாரு. விஞ்ஞானிங்க இதையெல்லாம் தாங்கிக்கிட்டவங்கதான்.

நாலு நாள்ல தண்ணி ஒரு விரக்கடை இறங்கிடுச்சு. உப்பைக் கலக்கி இன்னொரு குடம் ஊத்தினாரு. தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டுற டப்பாவுல முள்ளு சரசரன்னு ஏறிச்சு. மறுபடி இறங்கிச்சு தண்ணி, மறுபடி ஊத்தினாரு, முள்ளு இன்னும் ஏறிச்சு. டப்பாவைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. அது தப்பு சொல்லல.

சம்சாரம் ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னாங்க. "உப்பா ஆவியாப் போகுது? தண்ணிதானங்க போகுது. அடுப்புல எது சுண்டினாலும் வெறுந்தண்ணிதான ஊத்துவோம்?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்."

"யோசிங்க, யோசிங்க. நான் அதுக்குள்ள ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டாரேன்."

முள்ளு இடத்துக்கு வந்துடுச்சு. அவமானந்தான். ஆனா அதுலயும் ஒரு லாபம் இருந்துச்சு. தொட்டிக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும்னு அவங்க கண்ணாலயே பாத்தாச்சு. லீவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மச்சான் வீடியோ கால்ல கூப்பிட்டப்போ, முகத்தைச் சோகமா வச்சுக்கிட்டாரு.

"வரணும்னு உசுரு துடிக்குது மச்சான். இந்தத் தொட்டிய விட்டுட்டு எப்படி வர்றது?"

சம்சாரம் குறுக்க வந்தாங்க. "பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போலாங்க. ஒரு குடம் தண்ணிதான?"

"அவங்க உப்புத் தண்ணிய ஊத்திட்டா?"

"உங்களைத் தவிர யாரு ஊத்துவா?"

"இந்தாம்மா, இது விளையாட்டு இல்ல. சூடு பாக்கணும், பம்பு பாக்கணும். கரண்டு போனா யாரு காத்தடிப்பா?" நெஞ்சை நிமித்தினாரு. "மச்சான், கேட்டுக்கங்க. தொட்டி எங்கயோ அங்க நான். இதுல மாத்தமே இல்ல."

"வார்த்தை மாற மாட்டீங்களே?" சம்சாரம் கேட்டாங்க.

"என்னைக்கு மாறியிருக்கேன்?"

"கேட்டியாண்ணே?"

"கேட்டுச்சும்மா." மச்சான் போனை வச்சிட்டாரு.

இவ்வளவு சுலபமா ஜெயிச்சு அவருக்குப் பழக்கமே இல்ல.

லீவோட முதல் காலையில சோபாவுல நீட்டிப் படுத்தாரு. எதிர்ல தொட்டி. பம்பு தாலாட்டுப் பாடுச்சு. கண்ணு சொருகுற நேரத்துல வாசல்ல ஒரு வேன் ரிவர்ஸ்ல வந்து நின்னுச்சு. "அப்படியே... அப்படியே... ஒடிங்க... போதும்!" அந்தக் குரலை அவருக்குத் தூக்கத்துலயும் தெரியும்.

மச்சான், அவருகிட்ட வண்டி கத்துக்கிற ரெண்டு பேரு, கையில வாளி, ரப்பர் குழாய்.

"என்ன மச்சான் இது?"

"நீங்கதான சொன்னீங்க மாப்பிள்ளை. தொட்டி எங்கயோ அங்க நீங்க. அதான் தொட்டியக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தொட்டியத் தூக்கக் கூடாது! உள்ள உயிர் இருக்கு!"

சம்சாரம் சமையல்கட்டுலேர்ந்து வந்தாங்க. "கடைக்காரருகிட்ட கேட்டுட்டேங்க. மீன் வந்துட்டாத்தான் தூக்குறது கஷ்டமாம். இப்பதான் சரியான நேரமாம். பாறை காயாம அதே தண்ணியில வாளியில வச்சுட்டா உங்க கிருமிக்கு ஒண்ணும் ஆகாதாம். அண்ணன் வீட்டு ஹாலுக்கும் அழகா இருக்கும்."

அவரு வாயத் திறந்தாரு. கரையில போட்ட மீன் மாதிரி ரெண்டு தடவை மூடித் திறந்தாரு. குழாய் வழியா தொட்டி காலியாகிக்கிட்டிருந்துச்சு.

பாறைங்க இருந்த வாளி ரெண்டையும் மடியில வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வேன்ல உக்காந்தப்போதான் கவனிச்சாரு. வேன்ல சம்சாரத்துக்கு இடமே போடல.

"நீ வரலியா?"

"நான் எதுக்குங்க? தொட்டிய நீங்கதான பாக்கணும். நான் வீட்ல கால நீட்டி ரெண்டு நாள் படுக்குறேன்." ஜன்னலோரம் தரை ஈரம் காயல. அதுக்குள்ள தையல் மெஷின் பழைய இடத்துக்கு வந்து உக்காந்திருந்துச்சு.

மச்சான் வீட்ல தொட்டியை நிறுத்தி, தண்ணி நிரப்பி, பம்பைப் போட்டு நிமிந்தாரு. சுத்தி நாலு சுவரும் அவரையே பாத்துச்சு. மச்சான் பெயிண்ட் டப்பாவைத் திறந்து கையில ரோலரைக் குடுத்தாரு.

"இடம் மாறினதால தொட்டிக்குத் திரும்ப ஒரு மாசம் ஆகுமாமே மாப்பிள்ளை? தங்கச்சி சொல்லுச்சு."

அந்த நேரத்துலயும் அவருக்கு விஞ்ஞானி புத்தி போகல. "கண்டிப்பா ஆகும் மச்சான். ஒரு நாள் குறையக் கூடாது."

"ரொம்ப நல்லது. லீவு முடிஞ்சா இங்கேர்ந்தே வேலைக்குப் போங்க, நானே கொண்டு விடுறேன்." மச்சான் நாற்காலிய இழுத்துப் போட்டு, வலது காலை முன்னாடி நீட்டி உக்காந்தாரு. "மெதுவா, மெதுவா... அவசரமே இல்ல. மாடியும் இருக்கு."