குக்கர் விசிலும் சம்பந்தியின் காற்சட்டையும்

புந்தோங், ஈப்போ.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தனேஸ்வரன் அவர்களுக்கு,

ஜெயபாலன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை குமுதாவும் மகள் ஷாமினியும் நலம். என் முட்டிகள் இரண்டைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் இதைவிட நன்றாக இருக்க முருகன் அருள் புரியட்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் படிக்காமலே கட்டைவிரலை அனுப்புவீர்கள் என்பதால் தபாலில் போடுகிறேன். நல்ல செய்தி, மச்சான். நம் ஷாமினிக்கு வரன் அமைந்துவிட்டது. மலை உச்சியில்.

போன வாரம் ஷாமினி வந்து, "அப்பா, ஞாயித்துக்கிழம செமோர் பக்கம் மலை ஏறப் போறோம். மிதுலனும் அவங்க அப்பா அம்மாவ கூட்டிட்டு வரான். நீங்களும் வாங்கலா" என்றாள். மிதுலன் அவளோடு மலையேறும் பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா குலசிங்கம் அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டாரையும் எதற்கு ஒன்றாக அழைக்கிறாள்? இதெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"ஜீன்ஸ் வேணாம்பா, நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். சீக்கிரம் காயுற துணி போடுங்க" என்றாள் மகள். சம்பந்தியை முதல்முதலாகப் பார்க்கப் பந்து விளையாடும் காற்சட்டையிலா போவது? புது ஜீன்ஸ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தீபாவளிக்கு வாங்கிய தோல் சப்பாத்து. குமுதாவோ, "வரவங்களுக்கு பிஸ்கட்டா குடுக்கறது?" என்று பிரஷர் குக்கர், கேஸ் அடுப்பு, அரிசி, ஆட்டிறைச்சி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். தூக்கியது நான்.

அடிவாரத்தில் குலசிங்கத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இறகு மாதிரி மழைச்சட்டை, உள்ளங்கையில் அடங்கும் அடுப்பு. பாரம் குறையக் கரண்டியின் காம்பையே அறுத்து வைத்திருந்தார் மனுஷன். அவர் மனைவி விமலாதேவி என் முதுகைப் பார்த்து, "என்ன, வீட்டையே தூக்கிக்கொண்டு வாறீங்களோ?" என்றார். பாதி வழியில் மழை பிடித்தது. ஜீன்ஸ் தண்ணீர் குடித்து என்னைவிடக் கனத்தது, சப்பாத்து வழுக்கியது, உட்கார்ந்தபடியே பத்தடி கீழே போனேன், மச்சான், பின்பக்கம் முழுசாகக் கிழிந்தது. ஒரு மரத்தோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டு, இயற்கைக் காட்சி அருமை என்றேன். குலசிங்கம் தன் மாற்றுக் காற்சட்டையை நீட்டினார். அது முட்டியில் ஜிப் வைத்து, கால் பகுதியைத் தனியே கழற்றும் ரகம். வழியிலேயே ஒரு கால் கழன்று விழுந்துவிட்டது.

உச்சியில் கூடாரத் துணிக்குக் கீழே எல்லாரும் நடுங்கினோம். குலசிங்கத்தின் சட்டியில் ஒரே ஒரு கோப்பைத் தேநீர்தான் போட முடிந்தது. குமுதா குக்கரை ஏற்றினாள். மூன்று விசில் வந்ததோ இல்லையோ, காட்டுக்குள்ளிருந்து சீனப் பையன்களும் மலாய்க்காரப் பையன்களும் கயிறும் மருந்துப் பெட்டியுமாக ஓடி வந்தார்கள். மலையில் மூன்று விசில் என்றால் ஆபத்து என்று அர்த்தமாம்! வந்தவர்கள் கறிக்கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார்கள். விமலாதேவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார். பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் குலசிங்கம் என் கையைப் பிடித்தார். "தை மாசம் வைப்பமோ?"

வைத்துவிட்டோம். தாய்மாமன் நீங்கள் இல்லாமல் எதுவும் நடக்காது, இப்போதே லீவு போடுங்கள். எனக்கு மலை போதும்; இனி ஏறினால் மாடிப்படி மட்டும்தான்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லி முடிக்கும்,
தங்கள் அன்பு மாறாத
ஜெயபாலன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஷாமினி எட்டிப் படித்துவிட்டாள். "ஐயோ அப்பா, மிதுலன் என் கூட்டாளிலா, வெறும் பிரெண்டு! எங்களுக்குக் கல்யாணம்னு யாரு சொன்னா?" பதறிப்போய்க் குலசிங்கத்துக்குப் போன் அடித்தேன். அங்கேயும் அதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் அவர் மெதுவாக, "அப்ப தை மாசம் என்ன செய்யிறது?" என்றார். கல்யாணம் இல்லை, மச்சான். பெரியவர்கள் நாலு பேரும் பேராக்கிலேயே உயரமான கொர்பு மலை ஏறுகிறோம். லீவை மாற்றிவிடாதீர்கள்; உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன்.