கன்னியம்மா பெயர் வெட்டிய சட்டி

எவர்சில்வர் மேல் சட்டிக்காரர் வைத்திருந்த நம்பிக்கையில் கால்வாசியைக் கடவுள் மேல் வைத்திருந்தால், கடவுளே பென்னலூருக்கு வந்து அவருக்குப் பதிலாக நைட் ஷிப்ட் பார்த்திருப்பார்.

1991இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்தப் பென்னலூரில் ஒரு சின்னப் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். வெட்டும் கருவிகளைச் சூடேற்றிக் கடினமாக்குவது அங்கே வேலை. அடுப்பில் பதித்த பெரிய சட்டியில் உப்பைக் காய்ச்சுவார்கள். சமையல் உப்பும் அதன் பங்காளிகளும் கலந்த கலவை. உருகித் தணல் நிறத்தில் தளதளக்கும். அதில் சாமான்களை முக்கி எடுப்பவர்தான் சட்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

"மொதலாளி, இரும்புச் சட்டி செதில் செதிலா உதிருது. எவர்சில்வர்ல போடுங்க, பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்று அவர் அரித்த அரிப்பில், முதலாளி ஒருநாள் செய்தே கொடுத்துவிட்டார். மனிதர் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதோடு விட்டாரா? பாத்திரக் கடையில் வெட்டுவதுபோல, உள்விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெண்சாதி பெயரை வெட்டினார்: கன்னியம்மா.

சாப்பாடு கொண்டுவந்த அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வூட்ல ஒரு எவர்சில்வர் சொம்பு கெடையாது. கொதிக்கிற சட்டியில எம்பேரா? உயிரோட என்னை வறுக்கத்தானே பாக்குறே!"

ஆனால் உருகிய உப்புக்கு எவர்சில்வர் என்றால் கொள்ளை ஆசை. பளபளப்பைக் காக்கிற குரோமியத்தைத்தான் அது முதலில் தின்னும். துளி ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். சில மாதங்களிலேயே சட்டி சொத்தைப் பல்லாகிவிட்டது. பெயரில் 'மா' அழிந்த வாரம்தான் அந்த அம்மா மூச்சுத் திணறிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

"பேரு போச்சின்னா ஆளும் போயிடுவா சார்" என்றார் சட்டிக்காரர். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. உப்பைத் தகரத்தில் கொட்டி வடகம் மாதிரி வெயிலில் காயவைத்துக் காவல் நின்றார். வியர்வையோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் துண்டோடு நின்று எல்லாரையும் துடைத்தார். தலைக்குக் குளித்து வந்த முதலாளிக்கும் அதே மரியாதைதான். நான் டீயோடு நுழைந்தேன்.

"டீயை வெளிய வையி சார்! அவளுக்கு அங்க மூச்சு வாங்குது!"

எனக்கு வந்த கோபத்துக்கு டீயை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார். "சட்டி ஓட்டையாச்சின்னா எவன் காலு வேகும்னு தெரியாது. நாளைக்கு இதைக் காலி பண்ணிடுவோம்."

சட்டிக்காரர் அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டார். "அவ வூடு வந்து சேரட்டும் மொதலாளி. அப்புறம் நானே ஒடைச்சிப் போடறேன்." அவரை இழுத்து அப்புறப்படுத்த யாருக்கும் துணிவில்லை.

யாரோ போய் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மாவே பஸ் பிடித்து வந்து நின்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எங்களில் ஒருவன் பழக்க தோஷத்தில் துண்டை நீட்ட, அதைத் தரையில் விரித்து உட்கார்ந்தார்.

"யோவ், இந்தப் புள்ளைங்க காலு வெந்தா எம்பேரு இருந்து இன்னா, போயி இன்னா? மொண்டு வெளிய ஊத்துயா."

"ஊத்திட்டா... நீ போயிட்டீன்னா?"

"அது என் பாடு, டாக்டரு பாடு. நீ ஊத்து."

நீளக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினார் சட்டிக்காரர். கண்ணீர் சட்டியில் விழாமல் முழங்கையால் துடைத்துத் துடைத்து ஊற்றினார். அந்த அம்மா கடைசிக் கரண்டி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். புதுச் சட்டி வந்து சேர்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர், சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நீ படிச்சவன். மெய்யா சொல்லு. நான் ஊத்துனதாலதான் போயிட்டாளா?"

உப்பு, குரோமியம், இருதயம் என்று தனித்தனியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது சார். இத்தினி வருசத்துல அவ சொல்லி நான் ஒண்ணுத்தையும் கேட்டதில்ல. கேட்டது அந்த ஒரு தபாதான். அதையும் கேக்காம இருந்திருக்கலாமோன்னு கீது."

என் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் அவர் கையில் வைத்தேன். சின்னப் பிள்ளைபோல வாங்கிச் சாப்பிட்டார்.